நியாயமான பயமும் நோயாகலாம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவைக் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் குழாய் அது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்த மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. காற்றில் அம்மோனியா 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அன்றிரவு ஆலை வாசலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது 2,090. கசிவுக்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவி, வலையையும் படகையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியிருந்தது. போதாததற்கு அன்றைய தேதி சுனாமி வந்த தேதி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் இதே கரை மக்கள் இதே போல ஓடியிருந்தார்கள்.

அன்றிரவு ஓடியவர்களின் பயத்தை நோய் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஓடாமல் படுத்திருந்தவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தின் அறிகுறியைப் பிடித்தவுடன் அட்ரீனல் சுரப்பிக்குத் தகவல் போகிறது, அட்ரீனலின் பாய்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, செரிமானம் நின்று வயிறு பிசைகிறது. உயிர் பிழைக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. ஆபத்து விலகியதும் அடங்கிவிடுவது இதன் இயல்பு. கேள்வி அதற்குப் பிறகு தொடங்குகிறது. கசிவு அடைக்கப்பட்டு மாதங்கள் ஆன பிறகும் இரவில் ஜன்னலைத் திறக்க முடியாதவர், அடுத்த தெருவில் பினாயில் வாசனை அடித்தாலே நெஞ்சு படபடக்க வாசலுக்கு வருபவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாலை வரை சோறு இறங்காமல் இருப்பவர் ஆகியோரின் பயத்தை என்னவென்று சொல்வது? ஆபத்து உண்மையாகவே இருக்கும் ஊரில் பயம் எப்போது நோயாகிறது?

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘இது வெறும் மனப்பிரமை’ என்பது ஒன்று. ‘இங்கே வாழ்ந்து பார்த்தால் தெரியும், பயப்படாமல் எப்படி இருப்பது’ என்பது இன்னொன்று. முதல் பதில் ஆபத்தை மறுக்கிறது. இரண்டாவது நோயை மறுக்கிறது. இரண்டும் ஒரே தவறான கணக்கில் நிற்கின்றன: பயத்துக்குக் காரணம் இருந்தால் அது நோயாக முடியாது, நோயாக இருந்தால் காரணம் இருக்க முடியாது என்ற கணக்கு. இந்த அத்தியாயம் அதை மறுக்கிறது. பதற்றக் கோளாறு ஒருவருக்கு இருக்கிறதா என்பதை அவருடைய பயம் நியாயமானதா என்று பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்தப் பயம் எவ்வளவு காலம் நீடிக்கிறது, எங்கெல்லாம் பரவுகிறது, வாழ்க்கையிலிருந்து எதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மருத்துவ நூல்களின் வரையறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பதற்றக் கோளாறு என்பது ஒரு குடும்பம். அதில் பரவலான பதற்றக் கோளாறு எனப்படுவது ஆறு மாதத்துக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், ஒன்றல்ல பல விஷயங்களைப் பற்றிக் கட்டுக்கடங்காமல் கவலை ஓடுவது. அதோடு நிம்மதியின்மை, சீக்கிரம் களைத்துப்போவது, கவனம் சிதறுவது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கேடு ஆகியவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். பீதிக் கோளாறு வேறு விதம்: எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது, சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடுகிறது. அப்படி ஒருமுறை வந்துபோனதைவிட, அடுத்தது எப்போது வருமோ என்று ஒரு மாதத்துக்குக் குறையாமல் அஞ்சி வாழ்வதுதான் கோளாறு. கூட்டத்தையும் பேருந்தையும் தவிர்க்கும் வெளியிட அச்சம், நாலு பேர் முன்னால் வாயே திறக்காத சமூக அச்சம், குறிப்பிட்ட ஒரு பொருளைக் கண்டு நடுங்கும் அச்சம் எல்லாம் இதே குடும்பம்தான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறும் ஒரு காலத்தில் இதில் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு அதைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது.

இந்த வரையறையில் ‘அளவுக்கு மீறிய’ கவலை என்றொரு தொடர் வருகிறது. எண்ணூரைப் பொறுத்தவரை சிக்கல் அங்கேதான். எது அளவு, யார் அளப்பது? ஆலைப் புகைபோக்கி எதுவும் கண்ணில் படாத பேட்டையில் குடியிருந்துகொண்டு, அனல் மின்நிலையச் சாம்பலுக்கும் உர ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இடையில் வாழ்பவரின் கவலையை மிகை என்று சொல்வது எளிது. ஆகவே கவலையின் பொருளை விட்டுவிட்டு அதன் நடத்தையைக் கவனிப்பதே நேர்மையான வழி. நியாயமான பயம் ஒரு செயலில் போய் முடியும்: குழாய் பற்றி மனு கொடுப்பது, போராட்டப் பந்தலில் உட்காருவது, வீடு மாற்ற முடியுமா என்று பார்ப்பது. எண்ணூரின் மீனவக் கிராமங்கள் கசிவுக்குப் பிறகு நாட்கணக்கில் செய்தது அதைத்தான். நோயான பயம் எந்தச் செயலிலும் முடியாமல் சுற்றிச் சுற்றி வரும். வாயுவிலிருந்து தொடங்கி, மகளின் காய்ச்சலுக்கும், கணவர் ஷிப்ட் முடிந்து வரத் தாமதமாகும் பதினைந்து நிமிடத்துக்கும், அறிமுகமற்ற எண்ணிலிருந்து வரும் போனுக்கும் பரவும். எந்த மனுவுக்கும் அப்படிப்பட்டவரிடம் தெம்பு மிஞ்சாது.

ஆபத்தும் கோளாறும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சான்று உண்டு. சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் நடத்திய ஆய்வில் 12.7 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறு காணப்பட்டது. அந்த எண்ணை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். எட்டில் ஒருவர் என்பது எந்தக் கிராமத்துக்கும் பெரிய சுமை. அதே அலையைக் கண்ட மற்ற ஏழு பேருக்கு அது வரவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. பெண்கள், காயம்பட்டவர்கள், வருமானம் இல்லாத வீட்டினர் ஆகியோரிடம் அது கூடுதலாக இருந்தது. ஆபத்து நெருப்பை வைத்தாலும் எரிவதா அணைவதா என்பதை வறுமை, தனிமை, உடல்நலம், பரம்பரை, முந்தைய இழப்பு எனப் பலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ‘இங்கே எல்லோருக்கும்தான் பயம்’ என்று சொல்லி அந்த எட்டாவது நபரைக் கூட்டத்தில் கரைத்துவிடுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

போபால் இன்னும் கடுமையான பாடம். 1984 டிசம்பர் கசிவுக்குப் பிறகு நுரையீரலுக்கும் கண்ணுக்கும் மருத்துவர்கள் குவிந்தார்கள். மனத்தைப் பற்றிய நினைப்பு பிறகுதான் வந்தது. 1985 தொடக்கத்தில் பத்து மருத்துவ மையங்களுக்கு வந்த 855 பேரை மனநல மருத்துவர்கள் பரிசோதித்ததில் 22.6 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் உறுதியானது. அவர்களில் நாலில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு. இவர்கள் ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று வந்தவர்கள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று பொது மருத்துவரிடம் வந்தவர்கள். இத்தகையவர்களை அடையாளம் காண அங்கிருந்த பொது மருத்துவர்களுக்குச் சில நாள் மனநலப் பயிற்சி கொடுக்கப்பட்டது.

வடசென்னையிலும் பதற்றம் உடம்பின் வழியாகத்தான் மருத்துவமனைக்கு வருகிறது. ‘நெஞ்சு அடைக்குது’, ‘மூச்சு முட்டுது’, ‘தலை கிறுகிறுங்குது’, ‘வயித்துல கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஈசிஜி எடுக்கப்படும், ஒன்றுமில்லை என்று வரும், ஓர் அமிலக்குறைப்பு மாத்திரையும் சத்து மாத்திரையும் கைக்கு வரும். அடுத்த வாரம் வேறொரு கிளினிக், மறுபடி ஈசிஜி. இன்னொரு பக்கம் பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்து கட்டுவதும் நடக்கும். இந்த அலைச்சல் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் கண்ட டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-இல் அதை இதய நோயாகவே எழுதினார். பீதிக் கோளாறும் பரவலான பதற்றக் கோளாறும் தனித்தனியே பெயர் பெற 1980 வரை ஆயிற்று.

மூச்சுக்கும் பீதிக்கும் உள்ள உறவு இந்தப் பகுதிக்குத் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. மூளையில் மூச்சுத்திணறலை அறிவிக்கும் ஓர் அமைப்பு உண்டு, பீதிக் கோளாறு உள்ளவர்களிடம் அது தேவையின்றி முழங்குகிறது என்று டொனால்ட் கிளைன் 1993-இல் ஒரு கருதுகோளை வைத்தார். கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தால் இவர்களுக்குப் பீதி எளிதில் வருகிறது என்பது அதற்கு ஆதாரம். 2013-இல் இன்னும் வியப்பான ஒன்று வெளிவந்தது. அமிக்டலா இரு பக்கமும் சிதைந்து, பாம்பைக் கண்டும் அஞ்சாத ஒரு பெண் உட்பட மூவருக்கு 35 விழுக்காடு கரியமில வாயு ஒரு மூச்சு கொடுக்கப்பட்டது. மூவருமே பீதியில் துடித்தார்கள். வெளியிலிருந்து வரும் பயத்துக்கும் உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் மூச்சடைப்புப் பயத்துக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது. ஆஸ்துமாக்காரர்களிடம் பீதிக் கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதும் இதோடு பொருந்துகிறது. அப்படியானால் காற்று கெட்ட ஊரில் ‘நுரையீரலா, மனசா’ என்று கேட்பதே பல நேரம் தவறு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். ஒன்று மற்றதைத் தூண்டலாம். ஆஸ்துமா, இதயம், தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைச் சோதித்துவிட்டுத்தான் பதற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டும். சோதனைகள் சரியாக வந்த பிறகு ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்று அனுப்பவும் கூடாது.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகள் பலருக்குத் தொண்டை எரிச்சலும் மயக்கமும் ஏற்பட்டபோது வாயுக் கசிவு என்ற சந்தேகம் எழுந்தது. காற்றை அளக்க வாகனம் வந்தது. நவம்பர் 4-இல் பள்ளியைத் திறந்ததும் மீண்டும் சிலருக்கு அதே தொல்லை. இப்படிப்பட்ட நிகழ்வுக்கு உலகில் நன்கு ஆராயப்பட்ட ஓர் இணை உண்டு. அமெரிக்காவின் டென்னசியில் 1998 நவம்பரில் ஒரு பள்ளி ஆசிரியை பெட்ரோல் வாசனை அடிப்பதாகச் சொன்னார். அவரையும் சேர்த்துச் சுமார் 100 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஐந்து நாள் கழித்து, பள்ளி மீண்டும் திறந்த பிறகு, மேலும் 71 பேர். காற்று, நீர், மண், ரத்தம் என்று எதைச் சோதித்தும் நச்சு கிடைக்கவில்லை. கூட்டாகப் பரவிய பதற்றம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது அத்தனையும் தேடிய பிறகு. திருவொற்றியூருக்கு டென்னசியின் முடிவை இரவல் வாங்கக் கூடாது; அந்த ஊருக்கும், மணலி ஆலைகளின் காற்று வீசும் ஊருக்கும் வேறுபாடு உண்டு. இரவல் வாங்க வேண்டியது அந்த ஒழுங்கு. முழுமையாக அளக்காமல் ‘பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்’ என்று சொல்லும் அதிகாரியும், அளவு எதையும் கேட்காமல் எல்லா மயக்கத்தையும் நச்சின் மேல் போடுபவரும் அந்தப் பிள்ளைகளுக்கு உதவுவதில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: பதற்றத்தில் மயங்கி விழும் குழந்தை நடிக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான எதிர்ப்பு வரும், அதை லேசாகத் தள்ள முடியாது. மக்களின் பயத்துக்கு நோய் என்று பெயர் வைத்தால் ஆலைகளுக்குத்தானே வசதி? குழாயைச் சரி செய்வதற்குப் பதிலாக மக்களுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்களே? இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றில் ஆதாரம் நிறைய. ஆனால் விஞ்ஞானம் எதிர்த் திசையைக் காட்டுகிறது. 1970 வாக்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். ஒரு தொகுதிக்கு அதிர்ச்சிக்கு முன் ஒலி கேட்கும். இன்னொன்றுக்கு ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் தொடர்பே இராது. அதிர்ச்சியின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். இருந்தும் எச்சரிக்கை கேட்ட எலிகளின் வயிற்றில் புண் மிகக் குறைவு, மற்றவற்றுக்கு ஏராளம். எச்சரிக்கை ஒலி வரும் என்று நம்பினால், அது வராத நேரமெல்லாம் ஓய்வு நேரம். எச்சரிக்கையை நம்ப முடியாதபோது ஓய்வென்று எந்த நேரமும் இல்லை. மனிதர்களிடம் செய்த பின்னாளைய சோதனைகளும் எப்போது வரும் என்று தெரியாத ஆபத்தே நீண்ட பதற்றத்தைக் கிளப்புகிறது என்று உறுதி செய்தன.

இதை எண்ணூரின் மேல் வைத்துப் பாருங்கள். பெரியகுப்பத்து மக்களைக் கசிவு பற்றி எழுப்பியது சொந்த மூக்கும் கண்ணும். எந்த ஆலையில் எந்த நேரத்தில் என்ன அளவு வெளியாகிறது, சைரன் அடித்தால் அதன் பொருள் ஒத்திகையா ஆபத்தா, காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியாத மக்கள் வைஸின் இரண்டாவது தொகுதியில் இருக்கிறார்கள். அம்மோனியா நீரில் எளிதில் கரையும், ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்ற சின்னச் செய்திகூடப் பதற்றத்துக்கு மருந்துதான், ஏனென்றால் செய்வதற்கு ஒன்று இருக்கிறது. தெருமுனையில் அளவுகளைக் காட்டும் பலகை, நம்பத்தக்க சைரன், ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை ஆகியவை சுற்றுச்சூழல் நடவடிக்கைகள் மட்டுமல்ல, மனநலச் சிகிச்சையின் பகுதி. ஆகப் பதற்றக் கோளாறை நோய் என்று ஒப்புக்கொள்வது ஆலையின் பொறுப்பைக் குறைக்காது. நுரையீரல் பாதிப்போடு இதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று கேட்பதற்கு அது இடம் கொடுக்கும். பெயரில்லாத பாதிப்புக்கு யாரும் இழப்பீடு கேட்க முடியாது.

‘வயிற்றுப்பாட்டுக்கு ஓடுபவனுக்கு இதெல்லாம் ஏது, வசதி படைத்தவர்களின் வியாதி’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. எண்கள் இதைத் தாங்கவில்லை. தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் மனநலக் கோளாறுகள் பெருநகரங்களிலும் குறைந்த வருமானத்தாரிடமும்தான் கூடுதலாகத் தெரிந்தன. 2017-இல் இந்தியாவில் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் சுமார் நாலரைக் கோடி என்பது லான்செட் இதழ்க் குழுமத்தில் வந்த மதிப்பீடு. அதே நிம்ஹான்ஸ் கணக்கெடுப்பின்படி, மனநலக் கோளாறு உள்ளவர்களில் சிகிச்சை பெறாதோர், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 விழுக்காட்டுக்குக் குறையவில்லை. உழைக்கும் வீடுகளில் இந்த நோய் வேறு வேடத்தில் நடமாடுவதால் கண்ணில் படுவதில்லை என்பதே என் கணிப்பு. ஒப்பந்தத் தொழிலாளி நைட் ஷிப்டில் பாய்லர் அருகே நிற்க முடியாமல் அடிக்கடி லீவு போட்டால் அவர் சோம்பேறி. காசிமேட்டில் ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண் கூட்டத்தைக் கண்டு வீட்டோடு இருந்துவிட்டால் குடும்பப் பொறுப்பு. படபடப்பை அடக்க டாஸ்மாக் பக்கம் ஒதுங்குபவர் குடிகாரர். வேலையும் சம்பளமும் உறவும் தேய்ந்துகொண்டே போகும். காரணம் மட்டும் யாருக்கும் தெரியாது.

நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். 2006-இல் வெளியான ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது: கடந்த இரண்டு வாரத்தில் பதற்றம், கட்டுப்படாத கவலை, ஓய்வெடுக்க முடியாமை போன்றவை எத்தனை நாள் தொல்லை கொடுத்தன என்று கேட்டு 21-க்கு மதிப்பெண் போடும். 10-ஐத் தொட்டால் மருத்துவர் விரிவாகப் பேச வேண்டும். முதல் இரண்டு கேள்விகளே முதல்கட்டத்துக்குப் போதும் என்றும் காட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்க கிளினிக்குகளில் பிறந்த கேள்விகள் இங்கே உடம்பு வழியாகப் பேசுபவர்களிடம் சிலரைத் தவறவிடும் என்பது நியாயமான குறை. அதற்காகக் கேட்காமலே இருப்பதற்கு அது சாக்காகாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். தொழிற்சாலை வட்டத்து வீடுகளில் அவர்கள் கூடவே இந்த இரண்டு கேள்வியையும் கேட்டால் ஆகும் செலவு இரண்டு நிமிடம்.

சிகிச்சை உண்டு, பலன் தருவது. எண்ணங்களையும் தவிர்க்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும், செரட்டோனினைச் சார்ந்த மாத்திரைகளுக்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பாதியில் விடுபவர்கள் அதிகம். உடனே தூக்கம் கொடுக்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகளைச் சீட்டில்லாமல் வாங்கித் தின்பது வேறு ஒரு வம்பு. பழகிவிட்டால் விடுவது கடினம். ஆபத்து உண்மையாக இருக்கும் ஊரில் ‘பயப்படாதே’ என்று சொல்லிக் கொடுக்கும் சிகிச்சை எப்படிப் பலிக்கும் என்று கேட்கலாம். நல்ல சிகிச்சையாளர் அப்படிச் சொல்வதில்லை. பினாயிலுக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள வேறுபாட்டை உடம்புக்கு மீண்டும் பழக்குகிறார். சைரனுக்கு எழுந்து ஓடவும், சைரன் இல்லாத இரவில் தூங்கவும் வழி செய்கிறார்.

ஆறு மாதமாகத் தூக்கமும் வேலையும் கெட்டு, ஈசிஜி மட்டும் சரியாகவே வந்துகொண்டிருக்கிறது என்றால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள். பழைய ஜெயில் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.